“நீயே பட்டனை அமுக்கிவிடு” என்கிறார் முதலாளி: எக்ஸ்ரே படிப்பில் சேரலாமா?

கடிதம் எழுதியிருப்பவர் 25 வயது வாசகி. இயற்பியலில் பட்டம் முடித்தவர். இரண்டு ஆண்டுகளாக ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறார். டோக்கன் கொடுப்பது, பில் போடுவது, ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுப்பது எல்லாம் இவர்தான். டெக்னீஷியன் விடுப்பு எடுக்கும் மாலைகளில், “எல்லாம் செட் பண்ணித்தான் இருக்கு, நீயே பட்டனை அமுக்கிவிடு” என்று உரிமையாளர் சொல்ல, இதுவரை இருபது முப்பது நெஞ்சு எக்ஸ்ரேக்களை இவரே எடுத்திருக்கிறார். “ஆறு மாதம் கூடவே இருந்து கற்றுக்கொள். அனுபவச் சான்றிதழ் தருகிறேன். இரண்டு மூன்று வருடத்தை ஏன் படிப்பில் வீணாக்குகிறாய்?” என்பது உரிமையாளரின் யோசனை. இவருக்கோ முறையாகப் படிக்க ஆசை. அடுத்த ஆண்டு திருமணம் நடக்கலாம். கதிர்வீச்சில் வேலை பார்த்தால் குழந்தை பிறக்காது என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு அடிபடுகிறது. டிப்ளமாவா பட்டமா, வெளிநாடு போக முடியுமா, செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்த வேலை இருக்குமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். இதைச் சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா?”

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றுதான் அவசரமானது. அந்த மாலை நேர எக்ஸ்ரேக்களை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

முதலில் உங்கள் மனதைக் கொஞ்சம் இலேசாக்குகிறேன். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் நோயாளி பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர் எல்லோரும் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அதாவது அந்த ஒரு படம், சும்மா உயிர்வாழும் மூன்று நாளுக்குச் சமம். அந்த முப்பது பேருக்கும் கதிர்வீச்சால் தீங்கு செய்துவிட்டோமோ என்று தூக்கம் கெட வேண்டாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் படம் இன்னொருவர் பெயரில் பதிவாவது, கர்ப்பமா என்று கேட்காமல் விடுவது, மூச்சை இழுத்துப் பிடிக்காத படத்தைப் பார்த்து இல்லாத நிமோனியாவுக்கு மருந்து எழுதப்படுவது, இருக்கும் நோய் தெரியாமல் போவது. இவற்றுக்குப் பொறுப்பு யாருடையது என்று கேள்வி வரும்போது, “சார் சொன்னார்” என்பது உங்களை முழுதாகக் காப்பாற்றாது. டெக்னீஷியனின் கடவுச்சொல்லில் நுழைந்து எடுத்திருந்தால் பதிவேடே பொய்யாகிறது. அந்த டெக்னீஷியனும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். போதாததற்கு, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் உங்களுக்குக் கிடையாது. நீங்கள் எவ்வளவு பெற்றீர்கள் என்று நாளை யாராலும் சொல்ல முடியாது.

மறுப்பைச் சண்டையாக்க வேண்டியதில்லை. உரிமையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி போதும்: “எக்ஸ்ரே எடுக்க எனக்குத் தகுதியோ பதிவோ இல்லை. டெக்னீஷியன் இல்லாத மாலைகளில் நோயாளிகளுக்கு மறுநாள் நேரம் கொடுத்துவிடுகிறேன், சார்.” அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகும் வற்புறுத்தினால், கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பிடம் புகார் கொடுக்க வழி இருக்கும். வேலை போய்விடும் என்று மிரட்டினால் தொழிலாளர் அலுவலகத்தை அணுகலாம்.

இன்னொன்று, அந்த அனுபவச் சான்றிதழ். “எக்ஸ்ரே டெக்னீஷியனாகப் பணியாற்றினார்” என்று எழுதிய தாளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். பின்னாளில் முறையாகப் படித்துப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது, தகுதியில்லாமல் நோயாளிகளுக்குக் கதிர் பாய்ச்சினீர்கள் என்பதற்கு உங்கள் கையாலேயே கொடுக்கும் சாட்சியாகிவிடும். வரவேற்புப் பணி, நேரம் ஒதுக்குதல், நோயாளிகளைத் தயார்செய்தல் என்று உள்ளபடி எழுதித் தரச் சொல்லுங்கள். நோயாளிகளோடு பழகிய அனுபவம் சேர்க்கை நேர்காணலில் நிஜமாகவே எடுபடும்.

பட்டனுக்கு முன்னால் இருக்கும் வேலை

“செட் பண்ணித்தான் இருக்கு” என்ற பேச்சில்தான் பெரிய பிழை இருக்கிறது. நீங்கள் எடுத்த அதே நெஞ்சுப் படத்தை வைத்தே சொல்கிறேன்.

நோயாளி, படம் பதியும் தகடான டிடெக்டரைப் பார்த்து நிற்க வேண்டும். முகவாய் மேலே, கைகளின் பின்புறம் இடுப்பில், தோள்கள் முன்னால் தள்ளி. தோள் தள்ளாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரலின் மேல் விழும். கதிர் வரும் டியூபுக்கும் டிடெக்டருக்கும் 180 சென்டிமீட்டர் இடைவெளி. அருகில் வைத்தால் இதயம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். கே.வி., அதாவது டியூபுக்குக் கொடுக்கும் கிலோவோல்ட் மின்னழுத்தம், 110 முதல் 125 வரை. அப்போதுதான் விலா எலும்புகள் மங்கி அவற்றுக்குப் பின்னால் உள்ள நுரையீரல் தெரியும். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்திருந்தால் உதரவிதானத்துக்கு மேலே ஒன்பது, பத்துப் பின்விலாக்களை எண்ணலாம். ஆறேழுதான் தெரிகிறதென்றால், இதயம் வீங்கியதுபோலவும் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி கட்டியதுபோலவும் படம் பொய் சொல்லும். நோயாளி ஒரு பக்கம் லேசாகத் திரும்பி நின்றாலும் ஒரு நுரையீரல் கூடுதல் கறுப்பாகத் தெரியும். காறை எலும்புகளின் உள்முனைகள் இரண்டும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

இயற்பியல் படித்தவர் என்பதால் அடுத்தது உங்களுக்கு எளிது. தூரம் கூடினால் கதிரின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 100 சென்டிமீட்டரில் சரியாக வந்த படத்தை 180இல் எடுக்க வேண்டுமென்றால் எம்.ஏ.எஸ். (மில்லிஆம்பியர்-நொடி, கதிரின் மொத்த அளவைத் தீர்மானிப்பது) 3.24 மடங்கு வேண்டும். கே.வி.யை 15 சதவீதம் ஏற்றினால் எம்.ஏ.எஸ்.ஸை இரட்டிப்பாக்கியதற்கு ஏறக்குறைய ஈடு. சிதறும் கதிரைத் தடுக்க டிடெக்டருக்கு முன்னால் வைக்கும் கிரிட் தகட்டைத் தலைகீழாகப் போட்டால் நடுவில் மட்டும் படம் விழுந்து இரு ஓரமும் வெளிறும். எலும்பும் தோலுமான முதியவர், பருமனான நோயாளி, நான்கு வயதுக் குழந்தை மூவருக்கும் ஒரே செட்டிங் என்றால் யாரோ ஒருவருக்குத் தேவையில்லாத கதிர் போகிறது, இன்னொருவரின் படம் உதவாமல் போகிறது.

ஃபிலிம் காலத்தில் கதிர் கூடிப்போனால் படம் கருகி வந்து எடுத்தவரைக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் அப்படி இல்லை. தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுத்தாலும் மென்பொருள் சரிக்கட்டி அழகான படம் தரும். குறைவாகக் கொடுத்தால்தான் படம் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக வரும். அதனால் கூட்டிக் கொடுப்பதே பலருக்குப் பழக்கமாகிவிடுகிறது. டிடெக்டரில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று திரையின் மூலையில் காட்டும் எக்ஸ்போஷர் இன்டெக்ஸ் எண்ணைப் பார்த்தால்தான் இது பிடிபடும். அந்த எண்ணை ஒவ்வொரு படத்துக்கும் பார்க்கப் பழக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

இதுவரை சொன்னது இருக்கிற படங்களிலேயே எளிதானது. விபத்தில் கழுத்து அடிபட்டவரின் பக்கவாட்டுப் படத்தில் ஏழாவது கழுத்து முள்ளெலும்பும் அதற்குக் கீழுள்ள முதல் மார்பு முள்ளெலும்பும் சேரும் இடம் தெரிந்தே ஆக வேண்டும். தோள் மறைத்தால் வேறு கோணத்தில் எடுக்க வேண்டுமே தவிர, கழுத்தை அசையாமல் பிடிக்கும் காலரை நாமாகக் கழற்றக் கூடாது. எலும்பு முறிவு ஒரு கோணத்தில் ஒளிந்துகொள்ளும் என்பதால் செங்குத்தாக இரண்டு படங்கள் எடுக்கிறோம். இடம், வலம் காட்டும் ஈய மார்க்கரைப் படமெடுக்கும்போதே வைக்க வேண்டும். பிறகு கணினியில் எழுத்தைச் சேர்க்கலாம் என்று விட்டுவிட்டால், என்றாவது ஒரு நாள் பக்கம் மாறும். ஆறு மாதம் பக்கத்தில் நின்று பார்த்தால் கை பழகும். எதை ஏன் மாற்றினோம் என்று தெரியாத கை, முதல் சிக்கலான நோயாளியிடம் தடுமாறும்.

டிப்ளமாவா, பட்டமா?

இரண்டு வருட டிப்ளமா, மூன்று அல்லது நான்கு வருடப் பட்டம் என்பது பல நாடுகளில் பரவலான அமைப்பு. விரைவில் சம்பாதிக்க வேண்டும், வீட்டில் பொறுப்பு இருக்கிறது என்றால் டிப்ளமா குறைந்த படிப்பு ஆகிவிடாது. எக்ஸ்ரே அறையில் நல்ல டிப்ளமாக்காரருக்கும் பட்டதாரிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் வெளிநாடு, ஆசிரியப் பணி, துறைத் தலைமை என்ற திசைகளில் பட்டம்தான் கதவைத் திறக்கும். நீங்கள் வெளிநாட்டைப் பற்றிக் கேட்டிருப்பதாலும், இயற்பியல் பட்டம் ஏற்கெனவே கையில் இருப்பதாலும், என் சாய்வு பட்டப்படிப்பின் பக்கம். முந்தைய படிப்புக்காகச் சில பாடங்களில் விலக்கோ, நேராக இரண்டாம் ஆண்டில் பக்கவாட்டுச் சேர்க்கையோ கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனாலும் படிப்பின் பெயரைவிட, மருத்துவமனையில் நிற்கும் நேரமே உங்களை உருவாக்கும். பணம் கட்டும் முன் கல்லூரியில் இவற்றைக் கேளுங்கள்.

அங்கீகாரம்: கையேட்டில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். பதிவு வழங்கும் அமைப்பின் பட்டியலில் அந்தக் கல்லூரியும், அந்தப் படிப்பும், நீங்கள் சேரும் ஆண்டும் மூன்றுமே இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தும் அந்தப் படிப்புக்கு இல்லாத கதை நடக்கிறது.

பயிற்சி நேரம்: மொத்தம் எத்தனை மணி நேரம், எந்த மருத்துவமனையில், ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள்? அவசர சிகிச்சைப் பிரிவு, அறுவையின்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே, வார்டுக்குத் தள்ளிப் போகும் மொபைல் எக்ஸ்ரே, குழந்தைகள், இரவுப் பணி இவை எல்லாம் சுழற்சியில் வருமா? எட்டுப் பேர் ஒரு கருவியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதும் காகிதத்தில் பயிற்சி நேரமாகவே ஏறும்.

கண்காணிப்பு: ஒவ்வொரு படத்திலும் தேறினீர்கள் என்று தகுதியானவர் கையெழுத்திடும் பயிற்சிப் பதிவேடு உண்டா? தேறும்வரை மேற்பார்வையாளர் அறையிலேயே இருப்பாரா? ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க மாணவரைத் தனியாக விடும் இடம் என்றால், இப்போது இருக்கும் மையத்துக்கே நீங்கள் கட்டணம் கட்டித் திரும்பிப் போவதாகத்தான் ஆகும்.

பேட்ஜ்: பயிற்சியின் முதல் நாளே உங்கள் பெயரில் தனி பேட்ஜ் தருகிறார்களா? “மூன்றாம் வருடம் தருவோம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றில் நேராக நுழைய வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். எக்ஸ்ரேயில் உடற்கூறு கைவந்தபின் அவற்றில் தனித்தேர்ச்சி பெறுவது எளிது.

கதிர்வீச்சும் குழந்தைப்பேறும்

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8இல். அடுத்த சில ஆண்டுகளில் கவசம் ஏதுமின்றித் தங்கள் கையையே கதிரில் நீட்டிச் சோதித்தவர்களின் கைகள் புண்ணாகின. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904இல் அதனாலேயே இறந்தார். அந்தக் காலத்துப் பயம் இன்னும் வீடுகளில் தங்கியிருக்கிறது.

இன்றைய கணக்கு வேறு. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைக்கும் உச்சவரம்பு, பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு ஆண்டிலும் 50ஐத் தாண்டக் கூடாது. தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று சாதாரண எக்ஸ்ரே எடுப்பவரின் பேட்ஜில் இதில் ஒரு சிறு பங்குதான் ஏறும். பெண்ணின் சூலகம் நிரந்தரமாகச் செயலிழக்க, ஒரே வேளையில் சில ஆயிரம் மில்லிகிரே (எக்ஸ்ரேயில் மில்லிசீவர்டுக்கு ஏறத்தாழ இணையான அலகு) வேண்டும். அது புற்றுநோய்க் கதிர் சிகிச்சையின் அளவு. ஆகவே, முறையான பாதுகாப்போடு எக்ஸ்ரே வேலை பார்த்தால் குழந்தை பிறக்காது என்பது தவறு. மாப்பிள்ளை வீட்டில் இந்த எண்களையே சொல்லலாம்.

இன்னொரு தவறான எண்ணமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. “அறைக்குள் கதிர் தங்கியிருக்கும் என்பதால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் உள்ளே போவேன்” என்கிறீர்கள். எக்ஸ்போஷர் முடிந்த கணமே கதிரும் முடிந்தது. விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் மிச்சமிருக்காது. கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்தும் அணு மருத்துவப் பிரிவில்தான் நோயாளியிடமிருந்தே கதிர் வந்துகொண்டிருக்கும்.

பணியாளருக்குக் கதிர் பெரும்பாலும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறித்தான் வருகிறது. ஒரு மீட்டர் தள்ளி நின்றால், நோயாளியின் மேல் விழுந்ததில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு மீட்டரில் அதில் கால் பங்கு. மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒன்று. மொபைல் எக்ஸ்ரேயில் ஒயரின் நீளம் முழுவதையும் பயன்படுத்தி விலகி நிற்கச் சொல்வது இதனால்தான். 0.5 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் (மேலே அணியும் கவச அங்கி) அந்தச் சிதறலில் 95 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும், அது விரிசல் விடாமல் இருந்தால். மடித்து நாற்காலியில் போட்ட ஏப்ரன் மடிப்பில் உடையும். வெளியே பார்த்தால் தெரியாது. தொங்கவிட்டு வைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை அதையே கதிரில் வைத்துச் சோதிப்பதும் நல்ல துறையின் அடையாளம். பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே மார்புப் பக்கம் அணிவது பொதுவான முறை. எக்ஸ்ரே அறைக்குள் மறந்து விட்டுவந்தால் பெறாத கதிரைப் பெற்றதாகக் காட்டும். நீங்களே நோயாளியாகப் படம் எடுத்துக்கொள்ளும்போது கழற்றிவிட வேண்டும்.

கர்ப்பமானால் எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவித்ததிலிருந்து பேறுகாலம் வரை கருவுக்கு 1 மில்லிசீவர்டுக்கு மேல் சேராதபடி பணியை மாற்றியமைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. ஏப்ரனுக்குள் வயிற்றருகே இரண்டாவது பேட்ஜ் கேளுங்கள். சி-ஆர்ம், ஃப்ளோரோஸ்கோபி (அசைவை நேரலையாகக் காட்டும் எக்ஸ்ரே), மொபைல் பணிகளைத் தவிர்த்துக் கேட்கலாம். அசையும் குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் வேலையை அந்த நேரத்தில் என்றில்லை, எப்போதுமே வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். கர்ப்பமில்லாத உறவினர் ஒருவர் ஏப்ரன் அணிந்து பிடிக்கலாம். பொதுவாக, கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டே போகச் சொல்வதற்குப் பாதுகாப்பு விதிகளில் இடமில்லை.

“அதுவரை எம்.ஆர்.ஐ.க்கு மாறிவிடுகிறேன், அங்கே கதிரே இல்லையே” என்று பலர் நினைப்பார்கள். கதிர் இல்லைதான். ஆனால் 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) வலிமையுள்ள காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கேன் நடக்காத நள்ளிரவிலும் அது இயங்கிக்கொண்டே இருக்கும். இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தால் அது பறந்துபோய் நோயாளியின் மேல் மோதும். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் கிளிப், கண்ணில் புதைந்த உலோகத் துகள் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டே உள்ளே விடுவார்கள். கர்ப்பிணிப் பணியாளர் ஸ்கேன் ஓடும்போது காந்த அறைக்குள் நிற்பதைப் பல துறைகள் தவிர்க்கச் சொல்கின்றன.

உண்மையில் இந்த வேலை உடலிடம் வாங்கும் விலை முதுகும் தோளும்தான். ஸ்ட்ரெச்சரிலிருந்து மேசைக்கு நோயாளியை மாற்ற வழுக்குத் துணியும் துணைக்கு ஆளும் இல்லாத இடத்தில், பத்து வருடத்தில் இடுப்புவலி வந்துவிடும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அதையும் கவனியுங்கள்.

வெளிநாடும் செயற்கை நுண்ணறிவும்

உலகம் முழுக்கச் செல்லும் ஒரே உரிமம் என்று ஒன்று கிடையாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் டெக்னாலஜிஸ்டுகளுக்குச் சான்று வழங்கும் ஏ.ஆர்.ஆர்.டி. அமைப்பின் தேர்வு, பிரிட்டனில் மருத்துவத் துணைப் பணியாளர்களைப் பதிவு செய்யும் எச்.சி.பி.சி. அமைப்பின் பதிவு என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வாசல். ஏ.ஆர்.ஆர்.டி. 2015 முதல் குறைந்தது அசோசியேட் பட்டம் (அங்கே வழக்கமாக இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு) கேட்கிறது. பாடத்திட்டம், பாடவாரியான மணிக்கணக்கு, பயிற்சிப் பதிவேடு மூன்றையும் கல்லூரி முத்திரையோடு படிக்கும்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் தேடித் தர ஆள் இருக்காது.

செயற்கை நுண்ணறிவு இப்போதே படத்திலுள்ள முறிவைச் சுட்டுகிறது, சி.டி. மேசையில் நோயாளியை நடுவில் நிறுத்த உதவுகிறது. இடுப்பு முறிந்து வலியில் அலறும் பாட்டியைத் திருப்பிப் படுக்கவைக்க அதற்குக் கை இல்லை. வேலையின் உள்ளடக்கம் மாறும். உங்கள் பணிக்காலத்தில் வேலையே இல்லாமல் போகும் என்று நான் நினைக்கவில்லை.

தலைசுற்றல்

மறைக்காதீர்கள். இது பலருக்கு உள்ளது, பழக்கத்தில் குறையக்கூடியது. ரத்தத்தைப் பார்த்ததும் சிலருக்கு ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் சட்டென்று இறங்கும். மயக்கம் அதனால் வருகிறது. இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு: கை, கால், வயிற்றுத் தசைகளை முகத்தில் சூடு ஏறும்வரை 10 முதல் 15 நொடி இறுக்குங்கள், 20 முதல் 30 நொடி தளர்த்துங்கள், ஐந்து முறை திரும்பச் செய்யுங்கள். தினமும் வீட்டில் பழகிவிட்டு, பிறகு படங்களைப் பார்த்தபடி, பிறகு ஊசி போடும் இடத்தில் நின்றபடி செய்து பாருங்கள். வெறும் வயிற்றோடு பயிற்சிக்குப் போகாதீர்கள், முழங்காலை விறைத்து நிற்காதீர்கள். முதல் நாளே மேற்பார்வையாளரிடம் சொல்லிவையுங்கள். கண் இருட்டத் தொடங்கினால் சமாளிக்கப் பார்க்காமல், நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். ரத்தம் சம்பந்தமில்லாத நேரத்திலும் மயக்கம் வருகிறதென்றால், சேர்வதற்கு முன் மருத்துவரிடம் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுங்கள்.